காற்றின் திசை (கட்டாயம் நிரப்பவும்)

நகரசபையிலிருந்து வந்த படிவம் மும்மொழியில்.
தமிழில் மட்டும் எழுத்துப்பிழை:
நச்சுப்பொருள், நட்புப்பொருள் என்று அச்சாகியிருந்தது.
ஐஸ் பெக்டரியில் ஆறு வருடமாய்க் கணக்கெழுதுகிற எனக்கு
அது முழுப்பிழையாகவும் படவில்லை.
அதன் தயவில்தானே
எங்கள் சூரையும் பாரையும் கெடாமல் கொழும்பு போகின்றன.

பொருள்: அமோனியா.
அளவு?
ஜெகசோதி முதலாளி தலை நிமிராமல் சொன்னார்,
"நானூறு கிலோ எண்டு போடும்."
சுவருக்குப் பின்னால் தாங்கியின் வயிற்றில்
ஆயிரத்து நூற்றைம்பது கிலோ
ஒன்றும் பேசாமல் கிடந்தது.

அவரைக் குறை சொல்லவும் ஏலாது.
குறைத்துச் சொல்லிப் பழகிய ஊர் இது.
சாவடியில் பையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறோம்.
பற்றரி எத்தனை, யூரியா ஏன்,
ராத்திரி வந்து தங்கினது யார்.
கேள்வி என்றால் கை
தன்பாட்டில் எதையாவது ஒளிக்கும்.

இது வேறு மாதிரிக் கேள்வி என்று விளங்க
எனக்கு இரண்டு தேத்தண்ணி எடுத்தது.
அன்று கேட்டவர்களுக்கு எங்களைப் பார்த்துப் பயம்.
இந்தத் தாள்
எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நித்திரை கொள்பவர்களுக்காகப்
பயப்படுகிறது.

முந்நூறு மீற்றருக்குள் இருப்போர் தொகை:
நடந்தே போய் எண்ணினேன்.
வலை பொத்துகிற கொட்டிலில் ஏழு.
கொறற்றி அக்கா வீட்டில் ஐந்து, அதில் ஒருவர் படுக்கையில்.
"ஓடு எண்டால் இவரை ஆர் தூக்கிறது?
அதுக்குப் பெட்டி இருக்கோ உன்ர தாளில?"
இல்லை. ஓரத்தில் எழுதினேன்.
குப்பைத் தொட்டியடியில் புள்ளிமான்கள் பதினொன்று,
எழுதிவிட்டு வெட்டினேன்.
மொன்டிசோரி: நாற்பத்திரண்டு.
காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை.

முன்னர் கசிவு ஏதும் நிகழ்ந்துள்ளதா? ஆம் / இல்லை.
"இல்லை" என்றார் முதலாளி.
கொம்பிரசர் நஸுர்தீன் வாய் திறக்கவில்லை.
போன மாசியில், விடியப்புறம் மூன்று மணிக்கு
நனைத்த சாரத்தை முகத்தில் சுற்றிக்கொண்டு
உள்ளே போய் வால்வைத் திருகினவன்.
இடக்கண் இன்னும் சிவப்பு.
அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தான்.
ஆம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன்,
தாள் கிழிகிற அளவுக்கு.

காற்றின் திசை:
ஒரேயொரு அம்புக்குறிக்கு இடம்.
ஜன்னல் இல்லாத அறையில் யாரோ தயாரித்த படிவம்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
எங்கள் நெடி கடலுக்குப் போய்விடும்.
மார்கழியில் வாடை திரும்பினால் தெருவுக்குள் வரும்.
நடுச்சாமத்தில் இரண்டுமில்லாத ஒன்று வீசும்,
அதன் பெயர் தோணிக்காரருக்குத்தான் தெரியும்.
மூன்று அம்பு வரைந்தேன். ஒன்று பெட்டிக்கு வெளியே போனது.

இருபத்துநாலு மணி நேரமும் பதிலளிக்கும் தொலைபேசி:
முதலாளியின் போன் ஒன்பதுக்குப் பிறகு ஓஃப்.
என் நம்பரைப் போட்டேன்.
பிறகு மேலே போய், அளவு என்ற இடத்தில்,
1150.

கையெழுத்து வைக்கமுன்
அந்த நாலு இலக்கத்தையும் நெடுநேரம் பார்த்தார்,
சபையில் யாரோ தன் வயதைச் சொல்லிவிட்டதுபோல.
வைத்தார்.

காற்றுப்பை வாங்க மட்டும் காசில்லையாம்.
நஸுர்தீன் தன் பழைய சேட்டின் கையொன்றை வெட்டிக்
கூரைக் கம்பத்தில் கட்டினான்.
கொஞ்ச நேரம் சும்மா தொங்கியது.
பிறகு மெல்ல நிறைந்து, எழும்பி,
விரலில்லாத அந்தக் கை
நீட்டிக் காட்டியது:
மொன்டிசோரி.
நேரம் ஒன்பது பத்து.